கண்ணையன் கேட்ட ரிமோட்

ஸ்கூட்டியில் இருந்து விழுந்துதான் கால் உடைந்தது என்று ஆரோக்கியசெல்வி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய். என் முருங்கை மரத்தில் ஏறிக் காய் பறிக்கும்போது கிளை முறிந்து விழுந்தாள். என்னைக் கேட்டிருந்தால் துரட்டியால் நானே பறித்துக் கொடுத்திருப்பேன். கேட்காமல் ஏறினாள். முருங்கைக் கிளை காக்கையைத் தாங்கும், முப்பத்திரண்டு வயதுப் பொம்பளையைத் தாங்குமா? சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது. கையில் மட்டும் நாலு காயை விடாமல் பிடித்திருக்கிறாள்.

"பெரிம்மா, ஆட்டோ கூப்புடுங்க" என்றாள்.

"கூப்புடறேன். மொதல்ல காயக் குடுடி" என்றேன்.

ஒதியம்பட்டில் என் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவள் அம்மாவும் நானும் அபிஷேகப்பாக்கத்து வயல்களில் ஒரே வரிசையில் குனிந்து நடவு நட்டவர்கள். எனக்கு எழுத்து தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. செல்வி மட்டும் விடாமல் படித்தாள். கல்யாணமும் நடந்தது. புருஷன் கை ஓங்கினான். ஒரே ஒரு தடவைதான். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். கோயில் ஃபாதர் சமாதானம் பேச வந்தார். "அடி வாங்கறது நான்தானே ஃபாதர், நீங்க இல்லியே" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

வில்லியனூரில் கண்ணையன் வைத்திருக்கும் பேனர் கடையில் ஏழு வருஷமாக அவள் டிசைன் வேலை செய்கிறாள். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அவள்தான் கம்ப்யூட்டரில் போட்டோவை வெட்டி ஒட்டி, எழுத்துப் போட்டு, பூப் போட்டுக் கொடுப்பாள். பக்கத்து மெஷினில் ஜெயசித்ரா என்கிற பெண் அதைப் பிரிண்ட் எடுப்பாள். கண்ணையன் கல்லாவில் உட்கார்ந்து மூக்கைக் குடைவான். அவன் முன்னே சாமியானாப் பந்தல் வாடகைக்கு விட்டவன். கம்பு, கயிறு, துணி என்று கையில் பிடித்துப் பார்க்கிற சாமானாக இருந்தால்தான் அவனுக்குப் புரியும்.

டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையக் கூடாது என்றார். கண்ணையன் அன்று சாயங்காலமே போன் போட்டான்.

"செல்வி, ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேம்மா. அதுக்கப்புறம் நம்ம மச்சான் பாக்யராஜ அந்த வேலைல போட்டுடுவேன். என் பொண்டாட்டி தெனமும் அதத்தான் கேட்டுக்கினு இருக்கறா."

பாக்யராஜ் அவன் பெண்டாட்டியின் தம்பி. நாற்பது வயது. வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் முதலாளி சரியில்லை என்று திரும்பி வந்தவன். ஒன்றாம் தேதிக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. செல்விக்கு அந்த வேலையை விட்டால் வேறு சோறு கிடையாது. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெரிம்மா, அந்த அலமாரி மேல லேப்டாப் இருக்குது, எடுங்க" என்றாள்.

அது அழுக்குத் துணி மூட்டை போல இருந்தது. அதில் கடையில் அவள் ஓட்டுகிற டிசைன் புரோகிராமைப் போட்டால் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். ஆனால் செல்விக்கு ஒரு வித்தை தெரியும். கடைக்கு வருவதற்கு முன்னால் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். அங்கே ஒரு ரூமில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. வேலை எல்லாம் அதுதான் செய்யும். அடுத்த ரூமில் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்ததெல்லாம் கிழட்டு டப்பாக்கள். பெரியது போடுகிற படம் டப்பாவில் தெரியும், டப்பாவில் தட்டுவது பெரியதுக்குப் போகும். தூசி துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்.

ஜெயசித்ராவைப் போனில் கூப்பிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் என்னென்னமோ தட்டச் சொன்னாள். இங்கேயும் ஏதோ தட்டினாள். அரை மணி நேரத்தில் அந்தப் புரோகிராம் வில்லியனூரில் ஓட, அதன் ஜன்னல் மட்டும் ஒதியம்பட்டில், செல்வியின் வயிற்றின் மேல் திறந்தது. லேப்டாப் அங்கேதான் இருந்தது. அவள் மௌஸைத் தலையணையில் உருட்டினாள். அதே நாளில் இரண்டு காதுகுத்து பேனர் முடிந்து கடையில் பிரிண்டும் ஆகிவிட்டது.

"இதுல இன்னாடி அதிசயம்? என் அடுப்புல கொதிக்கறது உன் மூக்குக்கு வர்ல?" என்றேன்.

"வருது. தின்னத்தான் வுட மாட்றீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஜன்னல் பட்டென்று மறைந்தது. பாதி போட்ட கல்யாணப் பேனரும் போச்சு. செல்வி போன் போட்டால், கண்ணையன் நிதானமாகப் பேசுகிறான்.

"அட, நான்தாம்மா சுச்ச ஆஃப் பண்ணேன். திரை கருப்பா கெடக்குது, பொட்டி மட்டும் உர்ருனு ஓடிக்கினே இருக்குது. யாரும் உக்காரலியே, கரண்டு வேஸ்டுதானே?"

"ஐயோ அண்ணா! படம் இங்கதான் வரும், அங்க தெரியாது. நான் இங்கேர்ந்து ரிமோட்ல வேலை செஞ்சிக்கினு இருக்கேன்!"

"ரிமோட்லயா?" என்றான் கண்ணையன். போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் நான் செல்விக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் வந்து நின்றது. கண்ணையன் உள்ளே வந்தான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"எங்கம்மா அது?"

"எதுண்ணா?"

"ரிமோட்டு. ரிமோட்ல செய்றேன்னு நீதானே சொன்ன? கடக் கம்ப்யூட்டரோட ரிமோட்டு கட சொத்து. அத இங்க கொண்ணாந்து வெச்சுக்கினு, நான் அங்க கருப்புத் திரையப் பாத்துக்கினு இருக்கணுமா? குடு."

செல்வி வாயைத் திறந்தாள். விளக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் காலேஜ், பெரிய பெட்டி, கிழட்டு டப்பா என்று ஆரம்பித்தால் கண்ணையன் மூளை சாயங்காலம் வரை தாங்காது. கட்டில் காலை ஒரு உதை விட்டேன். அவள் வாய் மூடிக்கொண்டது.

"குடுத்துடுடி. மனுஷன் வெய்யில்ல வந்துக்கிறாரு" என்றேன். "என்கிட்டதான்பா பத்திரமா வெச்சுக்கிறேன். கண்டவங்க கை படக் கூடாதுல்ல? இரு."

என் வீட்டுக்குப் போய் டிவி மேல் கிடந்த ரிமோட்டை எடுத்தேன். கேபிள்காரனோடு சண்டை போட்டு லைனைப் பிடுங்கச் சொன்ன நாளில் இருந்து அது சும்மாதான் கிடந்தது. பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ரப்பர் பேண்டு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. பொட்டைப் பார்த்ததும் கண்ணையன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"பேட்டரி இருக்குதா யக்கா?"

"போன மாசந்தான் போட்டேன்" என்றேன். உள்ளே பேட்டரியே இல்லை.

"எத அமுக்கணும்?"

செல்வி தலையணையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. கால் வலியில் அழுகிறாள் போல என்று கண்ணையன் கொஞ்சம் இரக்கமாகக்கூடப் பார்த்தான். தலையணையை எடுத்தபோது அவள் முகம் பாடம் நடத்துகிற டீச்சர் முகம் மாதிரி ஆகியிருந்தது.

"பச்சைய அமுக்குங்கண்ணா. ஆனா அமுக்கறதுக்கு முன்னாடி எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு, அமுக்கறேன்னு சொல்லணும். இங்க நான் லைனத் தெறந்து வுட்டாத்தான் அங்க வேலை செய்யும். பேனர் வெவரத்த ஜெயசித்ரா எனக்கு அனுப்பிடணும். இன்னொண்ணு, சுச்ச ஆஃப் பண்ணீங்கன்னா ரிமோட்டு செத்துடும்."

"செத்துடுமா?"

"செத்துடும்."

அவன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். பைக் சத்தம் மறைகிற வரை நாங்கள் அடக்கிக்கொண்டோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டே விரிசல் விட்டிருக்கும்.

அதற்குப் பிறகு செல்வி முறையை மாற்றினாள். முன்னே ஜன்னல் இங்கே மட்டும் திறந்தது. இப்போது கடைத் திரையில் இருப்பது அப்படியே இங்கேயும் தெரியும், இங்கே மௌஸை நகர்த்தினால் கடைத் திரையிலும் அம்பு நகரும். காலையில் ஒன்பது மணிக்கு போன் வரும். "அமுக்கறேம்மா!" என்று கண்ணையன் கத்துவான். செல்வி ஒரு தட்டுத் தட்டுவாள். அங்கே கல்யாணப் பேனர் திறக்கும். "தெறந்துகிச்சு! தெறந்துகிச்சு!" என்று அவன் துள்ளுவது எங்களுக்குப் போனில் கேட்கும். சுவிட்சுப் பக்கம் யாரையும் விடுவதில்லை. ஜெயசித்ராவுக்கு விஷயம் தெரியும். அவள் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம்.

இது இப்படியே ஒன்றாம் தேதி வரைக்கும் ஓடும், அதற்குப் பிறகும் ஓடும் என்று நான் நினைத்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன்.

கண்ணையனுக்கு நாள் முழுக்க ரிமோட் பிடித்துக் கை வலித்தது. பாக்யராஜைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். பாக்யராஜ் ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் போண்டா என்று உட்கார்ந்தான். அவன் எதையாவது அமுக்குவான், செல்வி இங்கே வேலை செய்துகொண்டிருப்பாள். அவன் மூன்றை அமுக்கினால் பூ விழும், எட்டை அமுக்கினால் பெயர் வரும். நாலு நாளில் பதினோரு பேனர். கண்ணையன் பெண்டாட்டி வந்து பார்த்துவிட்டுத் தம்பிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாளாம்.

வெள்ளிக்கிழமை கண்ணையன் போன் போட்டான். குரலில் தேன்.

"செல்வி, நீ நல்லா ஓய்வெடும்மா. அவசரமே இல்ல. மச்சான் பூராவும் கத்துக்கினான். ஒண்ணாந்தேதியிலேர்ந்து அவனே பாத்துப்பான். நீ அந்த லைன மட்டும் தெறந்து வுட்டுடு, போதும்."

செல்வி போனைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். "உங்க ரிமோட்டாலதான் பெரிம்மா என் வேலை போச்சு" என்றாள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாழ்க்கையில் அப்படி ஆனது இரண்டோ மூன்றோ தடவைதான். என் வீட்டுக்காரர் செத்து பதினோரு வருஷம் ஆகிறது, அவர் இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட அவரால் அதைச் செய்ய முடிந்ததில்லை.

"நாளிக்கி கையக் கட்டிக்கினு உக்காருடி" என்றேன். "ஒண்ணையும் தொடாத. அந்தத் தடிமாடு அமுக்கட்டும், பாக்கலாம்."

"தொடாம வுட்டா பேனர் கெட்டுடும். பார்ட்டி அண்ணனத் திட்டும். அண்ணன் என்னத் திட்டும்."

"இப்ப மட்டும் உன்னத் தூக்கி மடியில வெச்சுக்கினு இருக்கறானா?"

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் நிறையச் சத்தம். அபிஷேகப்பாக்கத்து ஏகநாதனுக்கு அறுபதாம் கல்யாணம். நாலு ஏக்கர் சொந்த நிலமும் நாற்பது ஏக்கர் பேச்சும் உள்ளவர். இருபதடி பேனர், மூன்று. அவரும் பெண்டாட்டி மீனாட்சியும் டிசைனை நேரில் பார்க்கக் கடைக்கே வந்துவிட்டார்கள். வாசல் தெளிக்காமல் கிளம்பி வந்திருக்கிறோம், சீக்கிரம் முடி என்று அந்தம்மா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் பேச்சு அந்தப் பக்கம் போகாமல் செல்வி அடைத்துவிட்டாள். இரண்டு பேரின் போட்டோவையும் ஜெயசித்ரா திரையில் வைத்திருந்தாள்.

"மச்சான், ஆரம்பிடா" என்றான் கண்ணையன். "அமுக்கறோம்மா செல்வி!"

செல்வி கையைக் கட்டிக்கொண்டாள்.

"டக் டக்"கென்று பொத்தான் சத்தம். திரை அசையவில்லை.

"இன்னாடா?"

"வர்லியே மாமா."

"நல்லா அமுக்குடா! நேத்து வந்துச்சுல்ல?"

"அழுத்தம் பத்தாது போல" என்று ஏகநாதன் யோசனை சொன்னார். மறுபடியும் டக் டக். செல்வியின் விரல் மௌஸ் பக்கம் போனது. அவளுக்கு ஏழு வருஷப் பழக்கம், கோணலாக ஒரு பேனர் கிடந்தால் கை ஊறும். நான் மௌஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

பிடுங்கினவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எனக்கு எழுத்து தெரியாது என்றாலும் முகம் தெரியும். திரையில் மீனாட்சி முகம், சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டம். செல்வி செய்கிற மாதிரியே ஒரு கட்டத்தை அமுக்கிப் பிடித்து மேலே இழுத்தேன். மீனாட்சி முகம் புடலங்காய் மாதிரி நீண்டது. மூக்கு மட்டும் முழ நீளம்.

"ஐயையோ!" என்று போனில் ஒரு அலறல். "யார்ரா அது என் மூக்க இழுக்கறது?"

"மச்சான், வுடுறா!"

"நான் இல்ல மாமா, நான் நாலத்தான் அமுக்கனேன்!"

"நாலு மூக்காடா? வேற எதனா அமுக்கு!"

அவன் வேறு எதையோ அமுக்கினான். நான் பக்கவாட்டில் இழுத்தேன். மூக்கு பரங்கிக்காய் ஆகிவிட்டது. "பெரிம்மா, வேணாம், வேணாம்" என்று செல்வி என் கையைப் பிடிக்கிறாள், சிரிப்பில் அவளுக்குப் பலமே இல்லை. அப்படித் தள்ளுமுள்ளு நடந்ததில் அம்பு ஓடிப்போய் ஏகநாதனைக் கொத்தாகத் தூக்கி, பெண்டாட்டி தலை மேல் உட்காரவைத்துவிட்டது.

"அறுவது வயசுல தல மேல ஏத்திட்டான்யா!" என்றார் ஏகநாதன். அவர் கோபத்தில் சொன்னாரா, கொஞ்சம் சந்தோஷமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"நாங்க வேற கடை பாத்துக்கறோம்" என்று மீனாட்சி எழுந்துவிட்டாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

கண்ணையன் குரல் போனுக்கு மிக அருகில் வந்தது. "செல்வி! செல்வி! லைன்ல இருக்கறியாம்மா? இன்னாமா ஆச்சு ரிமோட்டுக்கு?"

செல்வி போனின் அடைப்பை எடுத்தாள். சிரிப்பைத் துடைத்துக்கொண்டாள். பொய்யிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். எனக்கு அதுதான் ஆசை. அவள் போகவில்லை.

"அது கேபிள் டிவி ரிமோட்டுண்ணா. அதுல பேட்டரிகூட இல்ல. பதினோரு பேனரும் நான் போட்டது. இந்தக் கட்டில்ல படுத்துக்கினு, என் கையால போட்டது."

கடையில் ரிமோட்டின் பின்பக்க மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே காலியாக இருப்பதை பாக்யராஜ் பார்த்திருப்பான்.

"அப்ப... இந்தம்மாவோட மூக்க இழுத்தது நீயா?" என்றான் கண்ணையன் மெல்ல.

"அது நானில்ல."

"நான்தான்டா" என்றேன். "தனக்கொடி. ஏழு வருஷம் ஒழைச்ச பொண்ண உக்காரவெச்சிட்டு, போண்டா தின்றவனுக்கு வேலை குடுத்தியே, உன் மூக்கு அதுல இருந்திருந்தா இன்னும் நீளமா இழுத்திருப்பேன்."

அடுத்து வந்தது மீனாட்சி குரல். போன் பக்கத்தில் வந்திருந்தாள். "யாருங்க பேசறது? எனக்கு வலிக்கவே இல்லீங்க. அதே மாதிரி அவரு மூக்கையும் ஒருவாட்டி இழுங்களேன், பாக்கலாம்."

கடை முழுக்கச் சிரிப்பு. ஏகநாதன் சிரிப்பதும் கேட்டது. ஜெயசித்ராவின் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரியது, பாவம், ஒரு வாரம் அடக்கிவைத்தது. செல்வி மௌஸை வாங்கினாள். எல்லோர் கண் முன்னாலேயும் மீனாட்சி மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள், ஏகநாதனைத் தலையில் இருந்து இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினாள், மாலை போட்டாள், பின்னால் நெல் வயல் வைத்தாள். கடையில் யாரும் எதையும் தொடவில்லை. திரையில் அம்பு தானாகப் போய்த் தானாக வேலை செய்வதை அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிஷம். மீனாட்சி இன்னொரு பேனரும் சேர்த்துச் சொன்னாள், பிறந்த வீட்டு வாசலில் கட்ட.

"அண்ணா, ஒண்ணாந்தேதி?" என்றாள் செல்வி. பார்ட்டி இருக்கும்போதே கேட்டாள். கெட்டிக்காரி.

கண்ணையன் தொண்டையைச் செருமினான். "உன் வேலைதாம்மா. நீயே செய்."

"கட்டுப் பிரிச்சப்புறமும் வாரத்துல மூணு நாளு இங்கேர்ந்துதான் செய்வேன். இந்தக் காலோட தெனமும் வந்து போக என்னால முடியாது."

"ஐயா எதிர்ல கேக்கற... சரி."

"சுச்சு?"

"தொட மாட்டேன்."

பாக்யராஜுக்குப் பேனர் கட்டுகிற வேலை கொடுத்தான். ஏணி மேல் நின்றால் அவன் ஒழுங்காக இருக்கிறானாம், கீழே ஆள் பார்க்கிறதால். அக்காக்காரிக்கு என் மேல் கோபம் இன்னும் போகவில்லை. சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்குக் கழுத்து வலி இல்லை, அவளுக்குத்தான் வரும்.

ஒன்றாம் தேதி காலையில் ஒன்பது மணிக்குச் செல்வியின் வயிற்றின் மேல் ஜன்னல் திறந்தது. ஒரு கோயில் கும்பாபிஷேகப் பேனர். பாதி வேலையில் ஜெயசித்ரா போன் போட்டாள். கண்ணையன் டீ கிளாஸோடு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அம்பு போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். இப்போதுதான், "செல்வி, டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டானாம். போனில் இல்லை. திரையைப் பார்த்து.

செல்வி யோசிக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் "குடிச்சிட்டேண்ணா" என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டிவிட்டாள்.

அழித்தாயா, அழித்தாயா என்று நான் மூன்று தடவை கேட்டேன். கோயில் பேனராச்சே.